பெலாச்சான் சோதனை

உங்கள் மூக்கை நம்பாதீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து, பிடித்துக்கொண்டால் விடமாட்டான். நான் உங்களை அப்படிச் சோதிக்கப் போவதில்லை. முகமூடியை எப்படி மாட்டுவது, வாரை எவ்வளவு இறுக்குவது, கப்பலின் சரக்கறையை எப்படி மூடி எப்போது திறப்பது, எல்லாம் அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்துவிடுங்கள். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு மனிதரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

நாம் செய்வது எலி கொல்லும் வேலை. ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வரும் கப்பல்களில் எலி வரும். எலியோடு பிளேக் வரும். அதனால் சரக்கை இறக்கியபின் வெற்றுக் கப்பலுக்குள் விஷவாயுவை விட்டு மூடுகிறோம். உங்கள் வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கப்பலுக்கு மருந்து போடுறேன்" என்று சொல்வீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். மருந்து, மருந்து என்று வாய் பழகிப்போனால் அது ஆளைக் கொல்லும் என்பதே மறந்துவிடும். வீட்டாரைப் பயமுறுத்தாமல் இருக்க அந்தச் சொல் நல்லது. ஆனால் கப்பலுக்குள் கால் வைக்கும்போது அதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான் இந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் கிராணியாக வந்தவன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் இதே சாமான் கிடங்கில்தான் என் மேசை இருந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்பதற்காக என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். எனக்குக் கீழே இருந்தவர் மண்டோர். ஆட்களைக் கூட்டி வருவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, கடைசி ஆள் வெளியே வந்தானா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வயதிலும் அனுபவத்திலும் என்னைவிடப் பெரியவர். எனக்குக் கீழே என்று சொன்னது சம்பளக் கணக்குக்குத்தான். கப்பலில் நாங்கள் எல்லாரும் அவருக்குக் கீழே. அவர் என்னை "கிராணி" என்று கூப்பிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவருடைய குடும்பம் இன்னும் இதே வட்டாரத்தில் இருக்கிறது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருமுறை கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு மருந்து போட்டு மூடியிருந்தோம். கப்பல் காப்டனுக்கு அவசரம். கடல் ஏற்றத்திலேயே புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் வீணாகும் என்று குதித்தார். அறை சுத்தமாகிவிட்டது, என் ஆட்கள் உள்ளே போகட்டும் என்று கத்தினார். என் துரையே கூட, திறந்துவிட்டால் என்ன என்று என் காதில் கிசுகிசுத்தார். மண்டோரோ சரக்கறை வாயின் விளிம்பில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வெற்றிலைப் பையைத் திறந்தார். தன் மேல் ஏறி மிதித்துக்கொண்டுதான் எவனும் உள்ளே போக முடியும் என்று அதற்கு அர்த்தம். காப்டன் திட்டிய திட்டு எந்தப் பாஷையிலும் அச்சில் ஏறாது. மண்டோர் நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். நேரம் ஆனபிறகுதான் எழுந்தார். யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாத ஒரு மனிதரை நான் என் வாழ்க்கையில் பார்த்தது அந்த ஒருவரைத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஆரம்ப காலத்தில் நாங்கள் கந்தகத்தைக் கொளுத்தி அந்தப் புகையைத்தான் கப்பலுக்குள் விட்டோம். அப்போது மூச்சுக்காற்றை வடிகட்ட முகமூடியில் மாட்டுகிற டப்பாவில் இருந்தது வெறும் கரி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, பக்குவப்படுத்தி, மிளகு அளவுக்கு உடைத்தது. சீமையிலிருந்து டப்பாவில் அடைத்து வரும். இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற கரியைக் கப்பலேற்றி நமக்கே விற்கிறானே என்று ஆட்கள் சிரிப்பார்கள். அந்தக் கரியில் புகையின் நெடி தங்கிவிட்டால் மண்டோர் அதைக் கொட்டிச் சட்டியில் வறுத்து, பாயில் பரப்பி வெயிலில் போடுவார். நெடி போய்விடும். மறுபடி அடைத்தால் நன்றாகவே வேலை செய்தது. இது நான் கண்ணால் பார்த்த உண்மை. அவருக்குத் தெரிந்தது தெரியாதது என்று நாளைக்கு யாராவது பேசினால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு கந்தகம் போய் இப்போதைய விஷவாயு வந்தது. எலியும் மூட்டைப்பூச்சியும் நொடியில் சாகும். மனிதனும் அப்படித்தான். அதற்கு வெறும் கரி போதாது. கரியைச் செம்புச் சத்துள்ள நீரில் ஊறவைத்துக் காயவைத்த புதுவகை டப்பா வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ரசாயனம் படித்த ஒரு துரை வந்து கிடங்கில் நின்று விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். கரி வெறும் கூடு. இந்த விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவது அதற்குள் இருக்கும் செம்பு. ஒரு விஷத்தைக் கட்டிப்போட்ட செம்பு இன்னொன்றைக் கட்டாது. அது தீர்ந்துபோனால் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார்.

மண்டோர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கை சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்த டப்பாக்களைத் திறந்து கரியைப் பாயில் கொட்டினார். கிடங்குக்குப் பின்னால் அவர் சம்சாரம் மிளகாயும் வத்தலும் காயவைக்கும் இடம் இருந்தது. பக்கத்திலேயே இந்தக் கரியும் காய்ந்தது. வத்தலில் கரி விழுந்துவிட்டது என்று அந்த அம்மா போடுகிற சண்டை ரயில் நிலையம் வரை கேட்கும். நம் வீடுகளில் எதுதான் வெயிலில் காயாமல் இருக்கிறது? தலையணை முதல் ஊறுகாய் வரை வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிற இந்த ஊரில் அந்த நம்பிக்கை இன்னும் கூடும்.

நான் அவரிடம் சொன்னேன். மென்று துப்பிய வெற்றிலையை வெயிலில் உலர்த்தினால் மறுபடி வாய் சிவக்குமா அண்ணே என்று கேட்டேன். சிரித்தார். அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அதுதான் பெலாச்சான்.

இந்த விஷவாயுவுக்கு வாதுமைப் பருப்பு வாசம் என்று புத்தகம் சொல்கிறது. எங்களில் வாதுமைப் பருப்பைக் கண்டவர் யார்? அதோடு சிலர் மூக்குக்கு அந்த வாசம் அறவே எட்டாது. மண்டோருக்கும் எட்டாது. அதனால் மூக்குக்குத் தெரிகிற ஒன்றை வைத்துச் சோதிப்பது என்று முடிவு செய்தார். பாசாரில் வாங்கிய பெலாச்சானை, கூனிறாலை அரைத்துப் பதப்படுத்திய அந்த மலாய்க் கட்டியை, சட்டியில் வாட்டுவார். காய்ந்த கூனிறால் நாறுகிற நாற்றம் தெருவையே தூக்கும். வெயிலில் காய்ந்த கரியை அடைத்த டப்பாவை முகமூடியில் மாட்டிக்கொண்டு அந்தச் சட்டியின் மேல் குனிவார். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்து கையை ஆட்டுவார். வாசம் வரவில்லை. ஆட்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குனியச் சொல்வார். எல்லாரும் கையை ஆட்டுவார்கள். பெலாச்சானையே தடுக்கிற டப்பா எதைத்தான் தடுக்காது என்று அவர்களுக்குத் திருப்தி.

நானும் ஒருமுறை குனிந்து பார்த்தேன். உண்மைதான். துளி வாசம் வரவில்லை.

இருந்தாலும் வெயில் டப்பாக்களை விஷவாயு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டேன். அவற்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, கந்தகம் கொளுத்துகிற சில்லறைக் கிடங்கு வேலைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். மண்டோர் மறுக்கவில்லை. மேலிடத்து உத்தரவுக்கு அவர் எதிர்த்துப் பேசியதே கிடையாது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு சிவப்புத் துணி டப்பாவைத் தன் பெட்டியில் போட்டுக்கொள்வார். கையோடு இருக்கட்டும் கிராணி, இருந்தால் என்ன என்பார். கூடவே ஒரு வாழை இலைத் துண்டில் பெலாச்சானும் பெட்டிக்குள் போகும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

சீமையிலிருந்து வரவேண்டிய புது டப்பாக்கள் வந்து சேரவில்லை. இருப்பில் இருந்தவற்றை இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தபிறகு சீல் உடைக்காத டப்பா ஒன்றே ஒன்று மிச்சம். அதை என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். கப்பல் சிறியது, காலையில் முன்பக்க அறைக்கு மருந்து போட்டாயிற்று. மதியத்துக்குப் பிறகு அதே டப்பாக்களோடு பின்பக்க அறை. அது வழக்கமாகச் செய்கிற வேலைதான். வாயுவைப் பரப்பிவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி வந்தார்கள். மண்டோர் மேலே நின்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். கடைசியாக வர வேண்டியவன் கோவிந்தன், மண்டோரின் தங்கை மகன். அவர் வீட்டிலேயே வளர்ந்து, அப்போதுதான் கல்யாணமாகி, செந்தூலில் தனிக்குடித்தனம் போயிருந்தான்.

கோவிந்தன் ஏணியில் பாதி ஏறியபோது ஒரு இரும்புப்படி பெயர்ந்தது. அவன் விழுந்த சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது.

எட்டிப் பார்த்தோம். அடியில் வெளிச்சம் போதவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் வந்தது. டக், டக், டக் என்று ஒரே சீராக. பெயர்ந்த படியைக் கையில் எடுத்து ஏணியைத் தட்டுகிறான். உயிரோடு இருக்கிறான், முகமூடி நழுவவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கால் முறிந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

அந்தத் தட்டும் சத்தம் நிற்காதவரை அவன் டப்பா வேலை செய்கிறது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து விஷத்தை வாங்கிக்கொண்டிருக்கும் டப்பாவில் இன்னும் எவ்வளவு செம்பு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே வந்த ஆட்களின் டப்பாக்களும் அதே கதிதான். அவற்றை மாட்டி ஒருவனை மறுபடி இறக்குவது அவனையும் சேர்த்துச் சூதாடுவது. நம்பி இறங்கத் தகுந்தது என் தோள்பையில் இருந்த ஒன்றுதான்.

சரக்கறை வாயை மூடிய பலகைகளையெல்லாம் எடுக்கச் சொன்னேன். காற்றை உள்ளே தள்ளுவதற்கான கித்தானைக் கட்டச் சொன்னேன். ஆனால் விஷம் அடியறையின் மூலைகளிலிருந்து அவ்வளவு சுலபத்தில் போகாது. அதைப் புத்தகத்திலும் படிப்பீர்கள். மண்டோர் என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"கிராணி, அந்தப் புது டப்பாவை எவனாச்சும் பலமான பயலுக்குக் குடு. நான் என்னோடதை மாட்டிக்கிட்டு எறங்குறேன். கால் ஒடிஞ்சவனை ஒத்த ஆளு ஏணியில தூக்கியார முடியாது."

"சிவப்புத் துணி டப்பா வேணாண்ணே. ஒரு ஆள் எறங்குனா போதும். கயித்தைக் கட்டிவிட்டா மேலருந்து எல்லாரும் இழுத்துருவோம்."

"கயிறு எங்க இருக்கு? முன்பக்கம் கெடக்கு. நீ போயி எடுத்தாந்து, கப்பி மாட்டி… அதுக்குள்ள அவன் தட்டுறது நின்னுரும்."

"நிக்காது. இருங்கண்ணே. நான் வர்றவரைக்கும் யாரும் எறங்கக் கூடாது. நீங்களும்தான்."

அவர் தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். கயிறும் கப்பியும் இருந்த இடம் தூரமில்லை. ஆனால் அந்தத் தட்டும் சத்தம் என் முதுகிலேயே விழுந்துகொண்டிருந்தது. அதன் சீர் குலையத் தொடங்கியதையும் கேட்டேன். நின்று நின்று வந்தது. நான் கேட்டதை அவரும் கேட்டிருப்பார். அவன் அவர் மடியில் வளர்ந்தவன்.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன். மண்டோர் முகமூடியை மாட்டியிருந்தார். கழுத்துக்குக் கீழே சிவப்புத் துணி தெரிந்தது. இடது கையில் வாழை இலைத் துண்டு. அதை டப்பாவின் வாயருகே பிடித்து ஆழமாக மூச்சு இழுத்தார். என்னைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி, கிடங்கில் எப்போதும் ஆட்டுவதுபோல் ஆட்டினார். வாசம் வரவில்லை.

பிறகு ஏணியில் இறங்கிவிட்டார். யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாத மனிதர் அவர். அன்று அவரை யாரும் அவசரப்படுத்தவே இல்லை.

தட்டும் சத்தம் நின்றது. அவர் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள்.  புது டப்பாவின் சீலை உடைத்து என் முகமூடியில் திருகினேன். மேலே இருந்தவர்களிடம், கயிற்றைக் கப்பியில் மாட்டுங்கள், நான் ஆட்டினால் இழுங்கள், ஆட்டாமல் இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன். மேற்பார்வை செய்பவன் இறங்கக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் நம்பி மாட்டக்கூடிய டப்பா என் கழுத்தில் இருந்தது. இன்னொருவனைத் தேடிப் பிடித்துச் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை.

அடியில் நான் பார்த்தது இது. மண்டோர் கோவிந்தனைத் தோளில் தூக்கியிருக்கிறார். ஏணியை நோக்கிச் சில அடிகள் வந்தும் இருக்கிறார். அங்கே மண்டியிட்டு விழுந்து, அவனுக்குக் கீழே கிடந்தார். கோவிந்தன் அவர் மேலிருந்து புரண்டு, அவருடைய தோள்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். முகமூடிக்குள் அவன் ஏதோ கத்துவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. மண்டோர் அசையவில்லை.

கயிறு ஒன்று. ஆட்கள் இருவர்.

கோவிந்தன் கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கி மாமாவின் இடுப்புக்குக் கொண்டுபோனான். முதலில் அவரை இழுக்கச் சொல்கிறான். நான் கயிற்றைத் திரும்பப் பிடுங்கினேன். அவன் என்னைக் குத்தினான். முறிந்த காலோடு இருப்பவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. நான் அவன் அக்குளுக்கடியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். போடப் போட அவன் அவிழ்த்தான். அவன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்தபடியே மேலே போனான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

ஏன் அவனை முதலில் அனுப்பினேன் என்று உங்களில் யாராவது கேட்க வேண்டும். நாளைக்கு உங்களுக்கும் இது வரலாம். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவர் இருக்கிறாரா என்பது தெரியாது. அவன் டப்பா எந்த மூச்சிலும் தீரலாம். தெரிந்த உயிரை விட்டுவிட்டுத் தெரியாத உயிரைத் தேடினால் இரண்டும் போய்விடும். இவ்வளவையும் அங்கே நின்று யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கை செய்தது, காரணம் பிறகு வந்தது. ஆனால் எத்தனை முறை திருப்பித் திருப்பி யோசித்தாலும் அதே முடிவுக்குத்தான் வருகிறேன். இன்று அதே அறைக்குள் இறங்கினாலும் அவனைத்தான் முதலில் கட்டுவேன். அதற்காக என் மனசு ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சரியாகச் செய்தேன் என்பதும் தூக்கம் வருவதும் வேறு வேறு.

கயிறு திரும்பி வந்தது. மண்டோரைக் கட்டி அனுப்பினேன். நான் ஏறி வந்தபோது அவரை மேல்தளத்தில் முகமூடியைக் கழற்றிக் கிடத்தியிருந்தார்கள். துறைமுகத்து டாக்டர் வந்து பார்த்தார். போய்விட்டார் என்றார். முதலில் இவரைத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். இன்றுவரை எனக்கும் தெரியாது.

கோவிந்தன் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்க்கப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒருநாள் மட்டும் பேசினான்.

"மாமாவோட டப்பா நல்ல டப்பா. நான் எத்தனை தடவ பாத்துருக்கேன். நீங்க அவரை அங்கயே போட்டுட்டீங்க. அதான் செத்தாரு."

அவனோடு வாதாட நான் போகவில்லை. கம்பெனியில் எல்லாப் பழியையும் மண்டோர் மேல் போட்டுவிட ஒரு யோசனை இருந்தது. படிக்காத ஆள், சொன்னதைக் கேட்கவில்லை என்று. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. புது டப்பா வராமலேயே கப்பலை ஏற்றுக்கொண்டது யார் என்று துரையின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டேன். அந்தப் பேச்சு அதோடு அடங்கியது. அவர் சம்சாரத்தைப் பார்க்கப் போனேன்.  பின்னால் பாயில் மிளகாய் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கரி காய்ந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

கால் ஒருவாறு கூடியபின் கோவிந்தன் கிடங்குக்கு வந்தான். ஊன்றுகோலோடு வாசலில் நின்றான். கையில் வாழை இலைப் பொட்டலம். சட்டி எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அடுப்பை மூட்டிப் பெலாச்சானை வாட்டினான். கிடங்கு முழுக்க அந்த நாற்றம் பரவியது. ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார்கள். 

மாமாவின் முகமூடியைக் கேட்டான். அதைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். சிவப்புத் துணி கட்டிய அதே டப்பா, அன்று மாட்டியது மாட்டியபடி. எடுத்துக் கொடுத்தேன். அவன் மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையைப் பிடித்தபடி சட்டியின் மேல் குனிந்தான்.

வெகுநேரம் குனிந்திருந்தான். அவன் என்ன எதிர்பார்த்து வந்தான் என்று எனக்குத் தெரியும். டப்பா நல்ல டப்பாதான், நான்தான் மாமாவைக் கைவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் காட்ட வந்தான். நாற்றம் வராதிருந்தால் அவன் சொன்னது நிரூபணமாகும்.

வாசம் வரவில்லை. அவன் கை பழக்கத்தில் தானாக உயர்ந்து, மாமா ஆட்டுவதுபோலவே ஆடியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

அந்த டப்பா ஒரு மனிதரைக் கொன்றிருந்தது. அவர் செத்தபிறகும் பெலாச்சானைத் தடுத்துக்கொண்டிருந்தது. கொல்வதற்கு முன்னும் தடுத்தது, கொன்ற பின்னும் தடுத்தது. அப்படியானால் அந்தச் சோதனை எதைத்தான் சொன்னது? எங்களுக்குத் தெரிந்த ஒரு நாற்றத்தைக் கரி வாங்கிக்கொள்ளும் என்று சொன்னது. நமக்குத் தெரியாததைப் பற்றி அது ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். இவ்வளவும் அவன் முகமூடியைக் கழற்றுவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. எப்படித் தெரியுமென்றால், கழற்றியவனின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருக்கும்வரை தாங்கிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் அழுதான்.

"வாசம் வரலண்ணே," என்றான். அதுவரை என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவான்.

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.  சற்றுப் பொறுத்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடங்கைச் சுற்றிப் பார்த்தான். பெட்டி உடைக்கிற சுத்தியலை எடுத்தான். மாமாவின் டப்பாவை முகமூடியிலிருந்து திருகிக் கழற்றி, வாசற்படியில் வைத்து, தட்டையாகும்வரை அடித்தான். கரி சிதறிப் படியெல்லாம் கறுப்பாயிற்று. பிறகு அலமாரியிலிருந்த மற்ற சிவப்புத் துணி டப்பாக்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான்.

அன்றிலிருந்து இந்தக் கிடங்கில் ஒரு பழக்கம் இருக்கிறது. புத்தகத்தில் அது இல்லை. விஷவாயு வேலை முடிந்து கப்பலிலிருந்து வந்ததும், ஆட்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், பயன்படுத்திய டப்பாக்களெல்லாம் அந்த வாசற்படியில் நசுக்கப்படும். ஒருதரம் கொஞ்சமே பயன்பட்டதாக இருந்தாலும் சரி. இன்னும் பாதி மிச்சம் இருக்குமே என்று எவனுக்காவது தோன்றினால், பாதி எது என்று அவன் கரியைப் பார்த்துச் சொல்லட்டும். காலையும் மதியமும் ஒரே டப்பாவோடு இரண்டு அறைக்கு இறங்குவதும் அன்றோடு நின்றது. புது டப்பா இல்லையென்றால் கப்பலை ஏற்றுக்கொள்வதில்லை. காப்டன் குதித்தால் குதிக்கட்டும்.

கால் தாங்கி நடக்கிற ஒரு பெரிய மனிதரை நேற்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு முகமூடி அளவு பார்த்துக் கொடுத்தவர். இப்போதைய மண்டோர் கோவிந்தன் அவர்தான். இந்தக் கதையை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். நான் சொன்னேன் என்று தெரிந்தால் என்னோடு சில நாள் பேசமாட்டார். பரவாயில்லை, எனக்குத்தான் ஓய்வு வந்துவிட்டதே.

நீங்கள் முதல் கப்பல் முடித்து வரும்போது டப்பாவைக் கழற்றி அவர் கையில் கொடுங்கள். வயதானவராயிற்றே, நாம் அடித்துத் தரலாமே என்று மரியாதைக்காகச் சுத்தியலை வாங்கப் போகாதீர்கள். பலரும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. அவர் அடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நில்லுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். கடைசி டப்பா தட்டையானதும், "சரி, வீட்டுக்குப் போங்க" என்பார். அதற்குப் பிறகு போங்கள்.